பின் வீல்

"பின் வீலு வந்துச்சாணா?"

கியர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தபடியே கேட்டான் வல்லரசு.

"இன்னும் வரல தம்பி. நாளைக்கு வந்துடும்னு நெனக்கிறேன். உக்காருங்க" என்ற காசி, ஸ்பானரைத் தேடுவது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

பொய். வீல் வந்து பதினோரு நாளாகிறது. கடைக்குப் பின்னால் அவர் தங்கியிருக்கும் ஒற்றை அறையில், கட்டிலுக்கு அடியில், பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

காசியின் சைக்கிள் கடை வேங்கிக்காலில் இருக்கிறது. கலெக்டர் ஆபீசுக்கு மாற்றலாகித் தனியாக வந்த வல்லரசு, உடம்பைக் குறைக்க பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி, தினமும் காலையில் அண்ணாமலையைச் சுற்றினான். தார் ரோட்டில் போனாலும் பரவாயில்லை. கல்லும் மேடுமான மண்பாதையில் ஏற்றி இறக்குவான். ஆள் நூறு கிலோவை நெருங்கியவன். வாரத்துக்கு இரண்டு ஸ்போக்ஸ் கம்பியாவது பின் வீலில் அறுந்துவிடும்.

"உங்க வெயிட்டுக்கு இந்த வீலு தாங்காது தம்பி. கனமான ரிம்மு, முப்பத்தாறு தடிக் கம்பி போட்டதா ஒண்ணு வாங்கிடுங்க. அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு நீங்க கடைப் பக்கமே வர வேணாம்" என்று சொன்னவர் காசியேதான். வல்லரசு அங்கேயே உட்கார்ந்து, கடை முகவரியைக் கொடுத்து, போனில் ஆர்டர் போட்டான்.

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது, அன்றைக்கு ஷட்டரை இறக்கும்போதுதான் காசிக்கு உறைத்தது.

மகள் பூஜாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மனைவி கஸ்தூரி பெங்களூர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருவாள். பேச ஆரம்பிப்பதற்குள் குழந்தை அழும், வைத்துவிடுவாள். கடைக்கு வருகிறவர்கள் காற்றடித்துக்கொண்டு போகிறவர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மத்தியானம் என்னா சமைச்சீங்கணா?" என்று கேட்கிறவன் வல்லரசு ஒருவன்தான். அவனிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே காசி சில நாள் ரசத்தோடு நிறுத்தாமல் பொரியலும் செய்தார்.

பார்சல் வந்த அன்று கொடுத்துவிடத்தான் நினைத்தார். அவன் கேட்டபோது, "வரல" என்று வாய் சொல்லிவிட்டது. ஒரு நாள்தானே என்று இருந்தார். அது பதினோரு நாளாகிவிட்டது. அறுந்த கம்பியை உடனுக்குடன் மாற்றி, கோட்டம் எடுத்துத் தருகிறோமே, அவனுக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள், சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறவன் வரவில்லை. ஆறரை ஆனது. கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு காசி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. வல்லரசு இறங்கினான். நெற்றியில் பிளாஸ்திரி, முழங்கையில் கட்டு. டிரைவர் இறக்கி வைத்த சைக்கிளின் பின் வீல் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

"என்னா தம்பி இது!"

"காலையில அடி அண்ணாமலை தாண்டி ரோட்டுல ஏறினேன். மூணு கம்பி ஒண்ணா போயிடுச்சு. பின்னாடியே பஸ்ஸு. நல்ல வேளை, டிரைவர் பிரேக் போட்டுட்டாரு."

காசி குனிந்து, அறுந்த கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார்.

"அடி ஜாஸ்தி இல்லணா. இதையே கொஞ்சம் நிமித்தி, கம்பி மாத்திக் குடுங்க. போதும்" என்றபடி ஸ்டூலில் உட்கார்ந்தான் வல்லரசு.

காசி உள்ளே போனார். பெட்டியை இழுத்து வந்து அவன் காலடியில் வைத்தார்.

"வந்து பன்னெண்டு நாளாச்சு தம்பி. நாந்தான் ஒளிச்சு வெச்சேன்."

வல்லரசு பெட்டியைப் பார்த்தான்.

"இதைப் போட்டுட்டா நீங்க வர மாட்டீங்களேன்னு... தனியா கெடந்து புத்தி கெட்டுப் போச்சு எனக்கு. உங்க உயிரோட வெளையாடிட்டேன். நாலு வார்த்தை திட்டிடுங்க தம்பி. இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது."

வல்லரசு திட்டவில்லை. கட்டுப் போடாத கையால் போனை எடுத்து, எதையோ தேடி, அவர் முன்னால் நீட்டினான். 'உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது' என்று பன்னிரண்டு நாளுக்கு முந்தைய தேதியில் ஒரு மெசேஜ் இருந்தது.

"வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்ணா" என்றான் வல்லரசு, அவர் முகத்தைப் பார்க்காமல். "எங்க எடுத்துக் குடுத்துடுவீங்களோன்னு பயந்துக்கினேதான் தெனமும் வந்து கேட்டேன்."