பாதிக் கூடு

கிணற்றுப் பக்கம் சாய்ந்திருந்த ஈச்ச மரத்தில் சடையன் என்ற தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருந்தது. மழைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் அதன் ஜோடி அல்லிக்கு முட்டையிட இடம் வேண்டும்.

"கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டுமா?" என்று அல்லி தினமும் கேட்டது.

"முழுசா முடியட்டும். பாதி வேலையைப் பார்த்தா கண்ணு பட்டுடும்" என்று சடையன் இறக்கையால் மறைத்துக்கொண்டது.

ஏழாம் நாள் கூடு முடிந்தது. உள்ளே போன அல்லி உடனே வெளியே வந்தது.

"அழகாத்தான் இருக்கு. ஆனா முட்டை வைக்கிற குழி வாசலை ஒட்டி இருக்கே. நான் திரும்பிப் படுத்தா முட்டை கிணத்துக்குள்ள போயிடும்."

"ஏழு நாள் வேலை அல்லி" என்று சடையன் முனகியது.

பக்கத்து ஓலையில் கூடு கட்டியிருந்த செம்பன் என்ற தூக்கணாங்குருவி சிரித்தது. "மாப்ளே, நான் வெறும் வளையம் பின்னினப்பவே எங்க வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். நாலு குறை சொன்னா. அவிழ்க்க அரை நாள்கூட ஆகலை."

சடையன் தன் கூட்டின் முடிச்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றையும் அவிழ்க்க மனசு வரவில்லை. அல்லி மேற்கே பார்த்தது. வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலை வேறொரு ஓலையில், செம்பன் கிழித்துக் கொடுத்த நாலே நாலு புல் நார் தொங்கியது. சடையன் அதை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அல்லியிடம் பறந்து போனது.

"சீக்கிரம் வந்து குறை சொல்லு" என்றது. "இது மேல எனக்குப் பாசம் வந்துடுறதுக்குள்ள."