பாதிப் பந்தியில் எழுந்தவர்

மகனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் ஒன்பது நாளாகியிருந்தது. எந்தக் காவல் நிலையத்திலும் அவன் பெயர் இல்லை என்றார்கள். அன்று ஊரில் மூன்று விருந்துகள். மூன்று பெரிய மனிதர்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று சங்கிலிபூதத்தான் மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். காலையில் கட்சித் தலைவரின் பிறந்தநாள் பந்தல். "மொதல்ல சாப்பிடுங்க, பெறவு பேசுவோம்" என்று மாவட்டச் செயலாளர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். இலையில் பொங்கல் பாதி இருக்கும்போதே செயலாளரின் கார் புறப்பட்டது. பந்தியில் பாதியில் எழுந்தால் பக்கத்தில் உண்பவருக்கு அவமரியாதை. சங்கிலிபூதத்தான் எழவில்லை. மதியம் கோயிலில் சமபந்தி விருந்து. நான்கு இலை தள்ளி இருந்த அமைச்சர் இரண்டு கவளம் உண்டு, படம் எடுத்து முடிந்ததும் கைகழுவப் போனார். இவருக்கு அப்போதுதான் ரசம் ஊற்றினார்கள். மாலையில் சமுதாயச் சங்கத்தின் ஆண்டு விழா. சங்கத் தலைவருக்கு எதிர் இலையில் உட்கார்ந்த சங்கிலிபூதத்தான் இந்த முறை முதல் கவளத்திலேயே எச்சில் கையோடு எழுந்துவிட்டார். வரிசை முழுக்கக் கைகள் நின்றன.

"என்ன அண்ணாச்சி, சாப்பாட்டுல எதும் கொறையா?" என்றார் தலைவர்.

"எம் மவன்... ஒம்பது நாளாச்சு..." இடது கையால் சட்டைப்பையில் மனுவைத் தேடினார்.

தலைவர் தலையசைத்தார். "பெத்த மனசுல்லா. புள்ளைய விட்டுட்டு சோறு எறங்க மாட்டேங்கு. ஏ, அண்ணாச்சி மவனுக்கு ஒரு பார்சல் கட்டுங்கப்பா."

வரிசை மீண்டும் சாப்பிடத் தொடங்கியது. பரிமாறுகிறவர் சோற்றுப் பொட்டலத்தில் நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"மவன் தூரத்துலயா இருக்கான் அண்ணாச்சி? சாம்பாரத் தனியா கட்டட்டா?"