கட்டிலோடு கட்டிய கை

"யாருய்யா இவங்க கையைக் கட்டிலோட கட்டினது? மனுஷின்னு நெனச்சீங்களா, மாடுன்னு நெனச்சீங்களா?"

முதியோர் விடுதிக்குள்ளிருந்து ஹெட் நர்சம்மாவின் குரல் தெருவரைக்கும் கேட்டது. போகிறவர்கள் நின்றார்கள்; சும்மா கிடைக்கிற சண்டையை யார் விடுவார்கள்?

மேனேஜர் கையைப் பிசைந்தார். "மெதுவாம்மா, பார்க்க வந்தவங்க இருக்காங்க. இந்தம்மா ஓயாம கத்தறாங்க, டியூபைப் பிடுங்கறாங்க..."

"பயத்துல கத்தறாங்கய்யா! பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்க ஆள் இல்ல, கட்டறதுக்கு மட்டும் துணி இருக்கா?"

முடிச்சை அவிழ்த்து, மரத்துப்போன விரல்களை நீவிவிட்டார். "நான் இருக்கேன்க்கா. எங்கயும் போகமாட்டேன்." அந்தக் கிழவியின் அழுகை மெல்ல அடங்கியது.

அம்மாவைப் பார்க்க வந்திருந்த மகளுக்குக் கோபம் தாங்கவில்லை. "இவ்வளவு பேசறீங்களே, அவங்க கட்டும்போது நீங்க எங்கம்மா போயிருந்தீங்க?"

"அடுத்த கட்டில்லதான் இருந்தேன்" என்று நர்சம்மா தன் கைகளை நீட்டினார். இரண்டு மணிக்கட்டிலும் அதே சிவந்த தடம். "நர்ஸ் வேலையெல்லாம் ரிட்டயராகறதோட போச்சும்மா. இங்க நானும் பேஷண்டுதான். உங்கம்மாவை அவுத்துவிட எந்திரிச்சேன், என்னையும் சேர்த்துக் கட்டிட்டாங்க. பல்லால முடிச்சைக் கடிச்சு இப்பத்தான் அவுத்துக்கிட்டேன்."

மகள் அன்றைக்கே அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள், நர்சம்மாவையும் சேர்த்துத்தான். விஷயம் தெருவெல்லாம் பரவ, மேனேஜரும் ஊரை விட்டே போய்விட்டார். போன இடத்தில் புதிதாக ஒரு விடுதி திறந்திருக்கிறாராம் மகராசன். வாசல் பலகையில் 'அன்பான கவனிப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறதாம்.