பதினோராவது புகார்

ஒரு கம்பெனிக் கட்டடத்தின் அடிப்பள்ளத்தில் கம்பி அறுந்து விழுந்து கிடந்த லிஃப்டுக்கு அழுகை அடங்கவே இல்லை. "தினமும் என் கதவைத் துடைச்சுவிட்ட மனுஷன். லிஃப்ட்மேன் ஞானமுத்துவை நானே கொன்னுட்டேனே!"

அவரோடு சேர்ந்து விழுந்திருந்த புகார் நோட்டு சொன்னது: "அழாதப்பா. உன் கம்பி நைஞ்சுபோச்சு, மாத்துங்கன்னு பதினோரு தடவை எனக்குள்ள எழுதினார்."

"மேல யாருமே படிக்கலையா?"

"படிச்சாங்களே. பதினோரு தடவையும் 'பார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டாங்க."

"அப்புறம் ஏன் எல்லாரும் என்னையே கைகாட்டுறாங்க?"

நோட்டு பதில் சொல்வதற்குள் இன்ஸ்பெக்டர் குனிந்து அதை எடுத்தார். கடைசிப் புகாரை வாய்விட்டுப் படித்தார்: "லிஃப்டைத் திட்டாதீங்க சார். பாவம், அது எவ்வளவுதான் தாங்கும்?"

லிஃப்டின் விம்மல் நின்றது. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து, குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயரை எழுதினார்.