எல்லைக் கல்

"யோவ், அந்தக் கல்லை மண்ணுல எறக்கிப் பாரு, அப்பால நடக்கறதே வேற!"

அஞ்சம்மாள் போட்ட சத்தத்தில் கடப்பாரையோடு நின்ற ஆள் பின்வாங்கினான். தாம்பரத்துக்குப் புறப்பட்டவள், மீன் கூடையை மணலிலேயே இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும்.

சர்வேயர் ராஜகோபால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. கடலோரத்துக்குன்னு புதுசா சட்டம் வந்திருக்கு..."

"தெரியும்யா உங்க சட்டம்! கடலாண்ட ஒருத்தனும் குடியிருக்கக் கூடாது, அதானே? எங்க ஆம்பளைங்க இன்னா, பஸ் புடிச்சி வந்தா கடலுக்குப் போவாங்க?"

"அப்படி இல்லம்மா..."

"இன்னா அப்படி இல்ல? கல்லை நடுவே, அப்பால போலீசைக் கூட்டினு வந்து வூட்டைப் பிரிப்பே. எங்களுக்குத் தெரியாதா?"

ராஜகோபால் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எடுபடவில்லை. பக்கத்தில் நின்ற அம்பாசிடர் காரின் தலையில் ஒலிபெருக்கி அலறியது.

"தாய்மார்களே! உயிரே போனாலும் உங்க மண்ணை விட்டுக் குடுக்காதீங்க!"

மைக்கைப் பிடித்திருந்தவர் சுப்பராயலு. இரும்புலியூரில் வயலையெல்லாம் மனை போட்டு விற்ற பெரிய புள்ளி. அவர் வீட்டுக்கு அஞ்சம்மாள் பல வருஷமாக மீன் கொடுத்து வருகிறாள். இந்தச் சட்டத்தைப் பற்றி அவளுக்கு முதலில் சொன்னவரே அவர்தான்.

"உங்க குப்பத்தையே காலி பண்ணப் போறாங்க அஞ்சம்மா. கல்லு நட விட்டீங்க, தீர்ந்தீங்க" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. மைக் செட், பந்தல், மோர், எல்லாம் அவர் செலவு. இத்தனை வசதியுள்ள மனுஷன் நமக்காக வெயிலில் நிற்கிறாரே என்று அஞ்சம்மாளுக்கு மனசு நெகிழ்ந்து போயிற்று.

அன்றைக்கு நட்டிருந்த கற்களையெல்லாம் பெண்களே பிடுங்கினார்கள். முதல் கல்லைப் பிடுங்கிக் கடலில் வீசியவள் அஞ்சம்மாள்தான். கூட்டத்திலிருந்து யாரோ எறிந்த செங்கல் ராஜகோபாலின் நெற்றியைப் பிளந்தது. ரத்தத்தைப் பொத்திக்கொண்டு அவர் ஜீப்பில் ஏறினார். மறுபடி போலீசோடு வந்தபோது, பெண்கள் கைக்குழந்தைகளோடு ஜீப்புக்குக் குறுக்கே படுத்துவிட்டார்கள். அதன் பிறகு யாரும் வரவில்லை.

குப்பமே சுப்பராயலுக்கு ஆரத்தி எடுத்தது.

மழைக்காலம் முடிந்த சமயம். வியாபாரம் முடித்துத் திரும்பிய அஞ்சம்மாள், குப்பத்தை ஒட்டிய சவுக்குத் தோப்புக்கு முன்னால் லாரிகள் நிற்பதைப் பார்த்தாள். தோப்பிலிருந்து அலை தொடும் இடம் வரைக்கும் மதில் எழும்பிக்கொண்டிருந்தது. குப்பத்துக்காரர்கள் கட்டுமரம் இழுத்துப் போகிற வழி அடைபட்டுவிட்டது. அவள் புருஷன் கோபு, துடுப்போடு நின்று மேஸ்திரியிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"யாருதுய்யா இந்த மதிலு?" என்று கத்தினாள் அஞ்சம்மாள்.

"சுப்பராயலு சார் ஓட்டல் கட்றாரும்மா. சட்டுனு ஓரமா போ, லாரி திரும்பணும்."

அஞ்சம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வந்த காலோடு பஸ் ஏறினாள். இத்தனை வருஷம் அவள் குரல் கேட்டதும் திறந்த இரும்புலியூர் வீட்டுக் கதவு அன்றைக்குத் திறக்கவில்லை. "ஐயா ஊர்ல இல்ல" என்று உள்ளிருந்தே பதில் வந்தது. மாடி ஜன்னலில் அவர் தலை தெரிந்தது.

"எங்க தலையில மண்ணைப் போட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, நேராகத் தாம்பரத்து சர்வேயர் ஆபீசுக்கு நடந்தாள்.

அவளைக் கண்டதும் ராஜகோபால் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். புருவத்துக்கு மேல் தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

"அடிக்க வரல சார், குந்து. ஒரு நாயம் கேக்க வந்தேன். எங்களை வெரட்டணும்னா மட்டும் கல்லைத் தூக்கினு ஓடியாந்தீங்களே. அந்த சுப்பராயலு அலை மேலயே மதிலு கட்றான், கேக்க ஒரு ஆளு கீதா? குடிசைக்கு ஒரு சட்டம், ஓட்டலுக்கு ஒரு சட்டமா?"

ராஜகோபால் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஓட்டலுக்காக வந்த சட்டம்தாம்மா அது. கல்லுக்குக் கடல் பக்கமா மீன் பிடிக்கிறவங்க குடிசை அப்படியே இருக்கலாம், புதுசா ஓட்டலோ பங்களாவோதான் வரக் கூடாது. அன்னைக்கு அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஊரே எதிர்க்குதுன்னு மேலே இருக்கறவங்க வேலையை நிறுத்திட்டாங்க. இப்போ எந்தக் கல்லைக் காட்டிம்மா நான் அவரைத் தடுக்கிறது?"