ஒரு பொட்டு சாக்பீஸ் தூள்

கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் ஓடியதும் அந்த வகுப்பறையில் முதல் டெஸ்க்கும் கடைசி டெஸ்க்கும் பேசிக்கொள்ளும்.

“டீச்சர் கை எப்படியிருக்கும்?” என்று ஒருநாள் கடைசி டெஸ்க் கேட்டது.

“அதை ஏன் கேக்குற? வைக்கிற இடமெல்லாம் சாக்பீஸ் தூள்” என்று சலித்துக்கொண்டது முதல் டெஸ்க்.

“என் மேல ஒரு பொட்டுத் தூள்கூட விழுந்ததில்ல.”

கடைசி டெஸ்க்கில் செவ்வந்தி உட்காருவாள். வாயே திறக்க மாட்டாள். டீச்சர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையை டெஸ்க்கின் மரத்தில் பென்சிலால் போட்டுவிடுவாள். யாராவது கேட்பார்களா என்று கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு எச்சில் தொட்டு அழித்துவிடுவாள். கடைசி டெஸ்க்குக்கு மட்டும்தான் இது தெரியும்.

ஜூன் மாதம் புது டீச்சர் வந்தார். “ஒண்ணும் தெரியாத பிள்ளைன்னு உலகத்துல யாருமே கிடையாது. உங்க ஒவ்வொருத்தர் திறமையையும் கண்டுபிடிக்கத்தான் நான் வந்திருக்கேன்” என்றார். கடைசி டெஸ்க்குக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் டீச்சர் அதையே சொன்னார். முதல் டெஸ்க்கில் கை ஊன்றிக்கொண்டுதான் சொன்னார். அரையாண்டுத் தேர்வும் வந்துவிட்டது.

“இன்னிக்கு என்னமா பேசினாங்க! எனக்கே கண் கலங்கிடுச்சு. உனக்குக் கேட்டுச்சா?” என்றது முதல் டெஸ்க்.

கடைசி டெஸ்க்கின் மேல் எச்சில் ஈரம் இன்னும் காயவில்லை.

“நல்லாவே கேட்டுச்சு. இங்க வரைக்கும் குரல் வந்துச்சு. டீச்சர்தான் வரல.”