நான்கு கம்பளி உருண்டைகள்

துவைக்கப் போடுமுன் மாமனாரின் சட்டைப் பையைத் துழாவியவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே நான்காக மடித்த ஒரு டிரையர் தாள். ஈரத் துணியோடு டிரையருக்குள் போட்டால் துணி மெத்தென்று, உடம்பில் ஒட்டாமல் வருமே, அதே தாள். இந்த வீட்டுக்குள் இனி தலைகாட்டக் கூடாது என்று அவள் தடை போட்டிருந்த தாள்.

மூக்கருகே வைத்துப் பார்த்தாள். வாசனையே இல்லாத ரகம். திருட்டுத்தனத்திலும் என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்!

ஒரு வயதுப் பாப்பாவின் கன்னம் சிவந்து, சொறிந்து சொறிந்து நீர் வடிய ஆரம்பித்து மாதக் கணக்காகிறது. அந்தத் தாளில் பூசியிருப்பது குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோல் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்கே அட்டைப் பெட்டியோடு எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினாள். பழைய கம்பளி ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை இறுக்கிச் சுற்றி, காலுறைக்குள் முடிந்து வெந்நீரில் அலசி, தாளுக்குப் பதிலாக டிரையரில் போட நான்கு உருண்டைகள் செய்தாள். துணி மெத்தென்று வர, அலசும் தண்ணீரில் ஒரு மூடி வினிகர்.

அவ்வளவுதான், மாமனார் ஆரம்பித்துவிட்டார். டிரையருக்குள் உருண்டைகள் டம் டம்மென்று மோதினால், “உள்ள யாரோ கதவைத் தட்டறாங்க, திறந்து விடும்மா” என்பார். குளித்துவிட்டு வந்தால், “இது துண்டா, உப்புத்தாளா? பாதி முதுகு போச்சு!” சட்டையை முகர்ந்துவிட்டு, “என்னை ஊறுகாய் போடறதா முடிவே பண்ணிட்டியா?”

புருஷன்தான் தங்கம். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் காதில் கண்ணாடியை மாட்டிப் பார்க்க வேண்டும். உருண்டை போட்டு உலர்த்திய யூனிபார்ம் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு, அவன் தொட்ட காதிலெல்லாம் சுருக்கென்று ஷாக் அடித்ததாம். ஒரு பெரியவர் கடை நடுவில் அலறியேவிட்டாராம். முதல் வாரம் அதைச் சொல்லிப் புலம்பினான். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

“பாப்பாவை விடவா எனக்குக் கடை பெரிசு?” என்பான். வீட்டுக்கு வந்ததும் பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தூங்கும்வரை நடப்பான். இவளுக்குத் தூக்கம் கெடக் கூடாதென்று, தன் சட்டைகளை விடியற்காலையில் தானே டிரையரில் போட்டுக்கொள்வான்.

இவ்வளவு பாடுபட்டும் கன்னம் ஆறியபாடில்லை. சோப்பை மாற்றியாயிற்று, தலையணை உறையை மாற்றியாயிற்று, பாலைக்கூட மாற்றியாயிற்று. ஒரு கன்னம் சுத்தமாக இருக்க, இன்னொரு கன்னம் மட்டும் மறுபடி மறுபடி பொரிந்தது. போன வாரம் டாக்டர் அவளையே சந்தேகமாகப் பார்த்தார். வீட்டில் யாரும் அந்தத் தாளைத் தொடுவதுகூட இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றாள்.

“இது என்ன மாமா?”

பேப்பர் இறங்கியது. எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற மனிதர் பேப்பரை மறுபடி உயர்த்திக்கொண்டார்.

“கேக்கறேன்ல? உங்க சட்டைப் பையிலதான் இருந்துச்சு.”

“ம்... இருக்கும்.”

“இருக்குமா? உங்க முதுகு உறுத்துதுன்னு பேத்தி மூஞ்சியைப் புண்ணாக்குவீங்களா? இடுப்பு வலின்னு சொல்லி அவளை ஒரு நாள் தூக்கினது கிடையாது. தூக்கிப் பாருங்க, ராத்திரி பூரா அவ படற பாடு அப்பத் தெரியும்!” அழக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் யாரோ குழி தோண்ட, தான் மண்ணள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம் என்ற ஆத்திரம்.

“மெதுவாப் பேசும்மா. அவன் குளிச்சிட்டு இருக்கான்.”

“கேக்கட்டுமே! அவர் அப்பா பண்ற காரியம் அவருக்கும் தெரியட்டும்.”

“விடும்மா. என் தப்புன்னே வெச்சுக்கோ.”

“வெச்சுக்கறதா? டாக்டர் முன்னாடி கூனிக் குறுகி நின்னது நான் மாமா. சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, உங்க பொண்ணு வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருங்க. பாப்பா கன்னம் ஆறட்டும், நானே வந்து கூட்டிட்டு வர்றேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. மாமனார் பேப்பரை மடித்து மேஜைமேல் வைத்தார். குளியலறையில் தண்ணீர் சத்தம் நிற்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். பிறகு, தொட்டிலில் சிணுங்கிக்கொண்டு கன்னத்தைத் தேய்க்கிற பேத்தியைப் பார்த்தார். இதுவரை காப்பாற்றிவந்தது போதும் என்று அவர் முகத்தில் ஒரு முடிவு தெரிந்தது.

“தாராளமாப் போறேம்மா. ஆனா, இங்க இருக்கும்போதே எனக்குப் பாதி நாள் முழிப்பு லேட்டாத்தான் வருது.”

“அதுக்கும் இதுக்கும் என்ன மாமா சம்பந்தம்?”

“நான் போயிட்டா, உன் புருஷன் விடியக்காலையில போடற தாளை டிரையர்லேருந்து யாரும்மா எடுப்பாங்க?”